ஹார்மோன் சுரக்காத பிட்யூட்டரி கட்டி: ரத்தம் சொல்லாததைத் திசு சொல்லும்

மூக்கு வழியாக எடுத்த பிட்யூட்டரி கட்டி லேபுக்கு வந்து சேரும்போது பார்க்க ஒன்றுமே இருக்காது. சின்ன பிளாஸ்டிக் டப்பா, பாதிக்கு ஃபார்மலின், அடியில் சாம்பல் கலந்த வெள்ளையாக நாலைந்து துணுக்கு. இந்தக் கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருப்பதில்லை, தயிர்ப் பதம்தான். அறுவை செய்தவர் கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்திருப்பார், கொஞ்சம் உறிஞ்சு குழாயோடு போயிருக்கும். டப்பாவில் மிஞ்சியது ஒரு டீஸ்பூன் இருந்தால் அதிகம். கூட வரும் படிவத்தில் 'நான்-ஃபங்ஷனிங் பிட்யூட்டரி அடினோமா' என்று ஒரு வரி எழுதியிருக்கும். ஹார்மோன் சுரக்காத பிட்யூட்டரி கட்டி என்று பொருள்.

அந்த வரி கட்டியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. உண்மையில் அது நோயாளியின் ரத்தத்தைப் பற்றிய செய்தி: எந்த ஹார்மோனும் அளவுக்கு மிஞ்சி இல்லை, உடம்பிலும் அதற்கான அடையாளம் இல்லை. விண்ணப்பப் படிவங்களில் கடைசியாக 'இதர' என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்தக் கட்டத்தில் டிக் அடித்த மாதிரி. எந்த வகை செல்லிலிருந்து கட்டி முளைத்தது, அது சாதுவா முரடா, திரும்ப வருமா என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடையாது. பதில் இருந்தால் அந்த நாலைந்து துணுக்கில்தான் இருக்கிறது.

பிட்யூட்டரி அரை கிராம் எடையுள்ள சுரப்பி. மூளையின் அடியில், மண்டையோட்டு எலும்பு குதிரைச் சேணம் போலக் குழிந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்பகுதியில் ஐந்து வகைச் செல்கள் உண்டு. ஒரு வகை வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். இன்னொன்று தாய்ப்பாலுக்கான ப்ரோலாக்டினை, மற்றொன்று தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்-ஐ. நான்காவது வகை, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.எச்-ஐச் சுரக்கும். ஐந்தாவது, விதைப்பையையும் சூலகத்தையும் தூண்டும் எஃப்.எஸ்.எச், எல்.எச் இரண்டையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். இந்த ஐந்தில் எதிலிருந்தும் கட்டி வரலாம்.

சுரக்கும் கட்டி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கை கால் பெருத்து மோதிரம் சிறுத்துப் போனால் அக்ரோமெகாலி, வளர்ச்சி ஹார்மோன் மிகுந்ததன் விளைவு. முகம் வட்டமாகி வயிற்றில் ஊதா வரிகள் வந்தால் குஷிங் நோய், ஏ.சி.டி.எச் மிகுந்ததன் விளைவு. சுரக்காத கட்டிக்கு அப்படி ஒரு விளம்பரமும் இல்லை. மெதுவாக மேல்நோக்கி வளர்ந்து, பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தை முட்டும்போதுதான் தெரிய வரும். இரண்டு கண்களிலும் வெளிப்பக்கத்து ஓரப் பார்வை மங்கும், தலைவலி வரும், சிலருக்குச் சோர்வும் ஆண்மைக் குறைவும் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கட்டி 1 சென்டிமீட்டரைத் தாண்டிப் பல நாளாகியிருக்கும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய் இது கண்ணில் படுவதும் சகஜம். பிரேதப் பரிசோதனைகளையும் ஸ்கேன்களையும் தொகுத்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சராசரியாக 16.7 சதவீதம் பேருக்குப் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு கட்டி இருப்பதாகக் கணக்கிட்டது. கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர். அவற்றில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் கணக்கில் இருப்பவை, ஆளுக்குத் தொந்தரவே தராதவை. ஆகவே பயம் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் ப்ரோலாக்டின். மூளையிலிருந்து ஒரு தண்டு வழியாக இறங்கி வரும் டோபமின், ப்ரோலாக்டின் சுரப்பை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். எந்தப் பெரிய கட்டியும் அந்தத் தண்டை அழுத்தினால் அடக்குமுறை தளர்ந்து, சாதாரணச் செல்களே கொஞ்சம் கூடுதலாக ப்ரோலாக்டினைச் சுரக்கும். அளவு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்குள் நிற்கும். ரிப்போர்ட்டில் 70 என்று பார்த்ததும் ப்ரோலாக்டின் கட்டி என்று முடிவு கட்டி மாத்திரை கொடுத்தால், ரத்தத்தில் அளவு அழகாக இறங்கும். கட்டி மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். எண் இறங்கியதில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், கண்பார்வை குறைந்துகொண்டே போகும்.

சரி, திசுவுக்கு வருவோம்.

நூறு வருடத்துக்கு முன்னால் மருத்துவர்கள் கையில் இருந்தது இரண்டு சாயம்தான். அமிலச் சாயத்தை ஏற்றுச் சிவக்கும் செல் ஒரு வகை, காரச் சாயத்தை ஏற்று நீலமாகும் செல் இன்னொரு வகை. இரண்டையும் ஏற்காமல் வெளிறி நிற்பதற்கு 'குரோமோஃபோப்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க வேரில் அதற்குச் சாயத்துக்கு அஞ்சுவது என்று அர்த்தம். சிவந்த கட்டி அக்ரோமெகாலியோடும், 1932-இல் ஹார்வி குஷிங் விவரித்த நோய் நீலக் கட்டியோடும் பொருந்திப்போனதால், வெளிறிய கட்டி எதையும் சுரக்காது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

சாயம் பிடித்தது ஹார்மோனை இல்லை, ஹார்மோனைச் சேமித்து வைக்கும் துகள்களை. கிடங்கில் சரக்கு நிறைய இருந்தால் செல் நிறம் கொள்ளும். தயாரித்த உடனே அனுப்பிவிடும் செல்லில் கிடங்கு காலியாக இருக்கும், நிறமும் ஏறாது. மனித ப்ரோலாக்டினை அளக்கும் முறை 1970-களின் தொடக்கத்தில் வந்தபோது, 'ஒன்றும் சுரக்காத' குரோமோஃபோப் கட்டிகளில் கணிசமானவை ப்ரோலாக்டினைக் கொட்டிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. அக்ரோமெகாலி தரும் கட்டிகளிலேயே ஒரு பகுதி துகள் குறைந்து வெளிறியே இருக்கும். நிறத்தை வைத்துத் தொழிலைச் சொல்லும் முறை அதோடு ஆட்டம் கண்டது.

அடுத்து வந்தது எதிரணு (ஆன்டிபாடி) சாயம், அதாவது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிரணுவை எடுத்து, அதோடு நிறம் உண்டாக்கும் நொதியைக் கோத்துவிடுவது இதன் உத்தி. இந்த உத்தியை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் நகானே, 1970-இல் பிட்யூட்டரி செல்களை இதை வைத்தே வகை பிரித்துக் காட்டினார். அதாவது, இன்று எல்லா லேபிலும் புழங்கும் இந்த முறை ஆரம்ப நாட்களில் விளையாடிப் பார்த்த களங்களில் ஒன்று இந்த அரை கிராம் சுரப்பி.

செய்முறையைக் கிட்டத்தில் பார்த்தால் சமையலறை வாசனை அடிக்கும். திசுவை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, அதிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவல் வெந்நீரில் மிதக்கும், அதைக் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். ஃபார்மலின் புரதங்களை இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கும் என்பதால், முடிச்சை அவிழ்க்க ஸ்லைடைக் கரைசலில் வைத்து வேகவைக்க வேண்டும். பல லேபுகளில் இதற்கு இருப்பது நிஜமான பிரஷர் குக்கர்தான். அப்புறம் எதிரணு, நொதி, கழுவல். புரதம் இருந்த இடம் காபிக் கொட்டை நிறத்தில் பழுப்பாகும், மற்ற உட்கருக்கள் எல்லாம் வெளிர் நீலமாகப் பின்னணியில் நிற்கும்.

ஹார்மோன்களுக்கான எதிரணுக்களைப் போட்டுப் பார்த்ததும் 'இதர' பெட்டி பாதிக்கு மேல் காலியானது. சுரக்காத கட்டிகளில் பெரும்பான்மை எஃப்.எஸ்.எச், எல்.எச் ஹார்மோன்களையோ அவற்றின் உதிரித் துண்டுகளையோ அங்கங்கே வைத்திருந்தன. அவை கோனடோட்ராஃப் கட்டிகள். தயாரிக்கிறது, ஆனால் கொஞ்சமாக, அரைகுறையாகத் தயாரிக்கிறது. ரத்தத்துக்குப் போனாலும் உடம்பு கண்டுகொள்கிற அளவில் இல்லை. இன்னும் சிலவற்றில் ஏ.சி.டி.எச் பழுப்பாக ஒளிர்ந்தது, ஆனால் அந்த நோயாளிக்குக் குஷிங் நோயின் சாயலே கிடையாது. இதற்குப் பெயர் சைலண்ட் கார்ட்டிகோட்ராஃப் கட்டி, அதாவது மௌனமான ஏ.சி.டி.எச் செல் கட்டி. ஏ.சி.டி.எச் முதலில் ஒரு நீளமான முன்னோடிப் புரதமாகத்தான் உருவாகிறது, நொதிகள் அதை நறுக்கினால்தான் வேலை செய்யும் ஹார்மோன் கிடைக்கும். இந்தக் கட்டிகளில் நறுக்கும் வேலை ஒழுங்காக நடப்பதில்லை என்பது முக்கியமான விளக்கம். எதிரணுவுக்கு நறுக்காததும் தெரியும், அட்ரினலுக்கு நறுக்கியது மட்டும்தான் தெரியும்.

இந்த சைலண்ட் கட்டி விவகாரத்தில் எனக்குப் பிடித்த துப்பு கட்டியில் இல்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் நல்ல சுரப்பித் துணுக்கில் இருக்கிறது. ஏ.சி.டி.எச் தூண்டி அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருந்தால், சாதாரண ஏ.சி.டி.எச் செல்களுக்குள் கண்ணாடி போன்ற ஒரு வளையம் படியும். குரூக் மாற்றம் என்பார்கள். கட்டி ஏ.சி.டி.எச் சாயம் ஏற்று, பக்கத்துச் செல்களில் அந்த வளையம் இல்லாவிட்டால், கட்டி உண்மையிலேயே மௌனமாகத்தான் இருந்திருக்கிறது. வளையம் இருந்தால், அறுவைக்கு முன் ஹார்மோன் பரிசோதனையில் எதையோ கோட்டை விட்டிருக்கிறார்கள். மௌனத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் 'கிசுகிசுக்கும் கட்டி' என்றே ஒரு சொல் மருத்துவ வட்டாரத்தில் உண்டு. அடையாளம் லேசாக இருக்கும், தேடினால்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு கூட்டம் மிஞ்சியது. எந்த ஹார்மோன் எதிரணுவும் ஒட்டாத கட்டிகள். இவற்றுக்கு 'நல் செல்' (null cell) அடினோமா, அதாவது வெற்றுச் செல் கட்டி என்று பெயர். நீண்ட காலம் இது பெரிய கூட்டமாகவே இருந்தது. அதைக் கலைத்த கதை ஒரு குள்ள எலியிலிருந்து ஆரம்பிக்கிறது.

1929-இல் ஜார்ஜ் ஸ்னெல் பரம்பரையாகக் குள்ளமாகப் பிறக்கும் எலி வகை ஒன்றை விவரித்தார். அந்த எலிக்கு வளர்ச்சி ஹார்மோன் இல்லை. அதோடு ப்ரோலாக்டினும் இல்லை, டி.எஸ்.எச்சும் இல்லை. மூன்று வெவ்வேறு செல்கள் சுரக்கும் மூன்று ஹார்மோன்கள் ஒரே பழுதில் ஏன் போக வேண்டும்? விடை கிடைக்க அறுபது வருடம் ஆனது. 1988-இல் பிட்-1 என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு சில மரபணுக்களை இயக்கிவிடும் சுவிட்ச் அது. 1990-இல் ஸ்னெல் எலியில் பழுதாகியிருப்பது அதே மரபணுதான் என்று தெரிந்தது. மூன்று செல்களும் ஒரே சுவிட்சில் கிளைத்தவை.

அப்புறம் மற்ற இரண்டு கிளைகளும் துலங்கின. 2001-இல் மான்ட்ரியலில் ழாக் ட்ரூவானின் ஆய்வகம் டி-பிட் புரதத்தைக் கண்டுபிடித்தது. ஏ.சி.டி.எச் செல் உருவாக அது வேண்டும். அந்த மரபணு பழுதான குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச் மட்டும் இல்லாமல், பிறந்த உடனே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். கோனடோட்ராஃப் செல்லின் சுவிட்ச் எஸ்.எஃப்-1. அது இல்லாத எலிக்கு அட்ரினலும் இல்லை, இனப்பெருக்கச் சுரப்பிகளும் இல்லை என்பது 1990-களிலேயே தெரியும். ஆக ஐந்து வகைச் செல்கள், மூன்றே மூன்று சுவிட்சுகள்.

கட்டியை இனம் காண இது ஏன் ஹார்மோனைவிட நல்ல வழி? கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். சரக்கைப் பார்த்து இது மளிகைக் கடை, இது மருந்துக் கடை என்று சொல்வது சுலபம். ஷட்டர் இறங்கி, அலமாரி காலியாகிவிட்டால்? சுவரில் சட்டம் போட்டு மாட்டிய லைசென்ஸ் மட்டும் அங்கேயே இருக்கும். ஹார்மோன் சரக்கு, சுவிட்ச் புரதம் லைசென்ஸ். வியாபாரம் நொடித்த பிறகும் பெரும்பாலும் அது உட்கருவில் தங்கிவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஹார்மோன் சாயம் செல்லின் உடலில் படரும். சுவிட்ச் சாயமோ உட்கருவை மட்டும் பழுப்புப் புள்ளியாக்கும், மிளகு தூவிய மாதிரி. புள்ளிகள் சீராக எல்லாச் செல்லிலும் இருந்தால் கட்டி. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்திருந்தால் அது அநேகமாக ஒட்டிக்கொண்டு வந்த நல்ல சுரப்பி.

டோக்கியோவின் டொரனோமான் மருத்துவமனையில் அறுவை செய்த கட்டிகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு இதை எண்ணாகக் காட்டியது. ஹார்மோன் சுரக்காத கட்டிகள் 516. அவற்றில் எந்த ஹார்மோன் எதிரணுவும் ஒட்டாதவை 119. பழைய கணக்கில் இந்த 119-ம் வெற்றுச் செல் கட்டிகள். மூன்று சுவிட்சுகளையும் போட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்.எஃப்-1 பக்கம் போயின, கால் பங்குக்கும் மேல் டி-பிட் பக்கம், ஒன்றிரண்டு பிட்-1 பக்கம். எங்கேயும் சேராமல் நின்றவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. இதில் எஸ்.எஃப்-1 எண் யாரையும் ஆச்சரியப்படுத்தவில்லை, கோனடோட்ராஃப் கட்டிதான் அதிகம் என்பது முன்பே தெரிந்ததுதான். தூக்கிப்போட்டது டி-பிட் எண். நாலில் ஒன்றுக்கு மேல் ஏ.சி.டி.எச் வழி வந்த கட்டி, அதுவும் ஏ.சி.டி.எச் சாயத்துக்கே சிக்காமல் ஒளிந்திருக்கிறது என்றால், நாம் சாதுவான கட்டிகள் என்று நினைத்து ஒரே பெட்டியில் போட்டவற்றில் சாது அல்லாததும் கலந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாடு இந்த மூன்று கிளைகளையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது, 2022 பதிப்பு அதை இன்னும் இறுக்கியது. அந்த வகைப்பாட்டில் 'ஹார்மோன் சுரக்காத கட்டி' என்று ஒரு தனி வகை கிடையாது. சுரக்கிறதா இல்லையா என்பது மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது, கட்டியின் பெயர் அது வந்த செல்லை வைத்து. வெற்றுச் செல் கட்டி இன்னும் இருக்கிறது, ஆனால் 5 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பெயரை எழுதுவதற்கு முன் பேத்தாலஜிஸ்ட், அதாவது திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர், நிறையவற்றை விலக்கிக் காட்ட வேண்டும்.

விலக்குவது என்றால், பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் அந்தக் குழிக்குள் வேறு ஆட்களும் வருவதுண்டு. பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வரும் கட்டிகள் ஸ்கேனில் அப்படியே அடினோமா போலத் தெரியும், டி.டி.எஃப்-1 என்ற சாயம் போட்டால்தான் பிடிபடும். மார்பகத்திலோ நுரையீரலிலோ இருந்து பரவிய புற்றுநோய் இங்கே வந்து உட்காரலாம். பாராகாங்லியோமா என்ற கட்டியும் அபூர்வமாக வரும். இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. காட்டா-3 என்ற சாயத்தைப் பாராகாங்லியோமாவின் அடையாளமாகப் பலர் வைத்திருக்கிறார்கள், ஆனால் சாதாரண கோனடோட்ராஃப் கட்டியும் அதை ஏற்கும். எஸ்.எஃப்-1 போடாமல் காட்டா-3 மட்டும் போட்ட லேபில், மிகச் சாதாரணமான பிட்யூட்டரி கட்டி அபூர்வ நோயாக மாறிவிடும்.

எதிரணுவுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு பழைய சாயத்தை மறந்துவிடக் கூடாது. ரெட்டிகுலின். வெள்ளி உப்பை வைத்துச் செய்வது, மெல்லிய நார்களைக் கறுப்பாக்கும். நல்ல சுரப்பியில் இந்த நார்கள் செல் கொத்துகளைச் சுற்றி வலை பின்னியிருக்கும், மீன்பிடி வலையைத் தரையில் விரித்த மாதிரி. கட்டியில் வலை அறுந்து, சிதறிய நூலாகிவிடும். கட்டியா, வீங்கிய நல்ல சுரப்பியா என்ற முதல் கேள்விக்கு இதுதான் பதில், விலையும் குறைவு. அறுவை நடக்கும்போதே அவசரமாகத் துணுக்கை இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்களே, அதுவும் இதே தத்துவம்தான். வலை இல்லாத கட்டிச் செல்கள் மாவு போல ஒரே அடுக்காகப் பரவும், வலை உள்ள நல்ல சுரப்பி கொத்தாகவே நிற்கும்.

இவ்வளவு மெனக்கெட்டுப் பெயர் வைத்து நோயாளிக்கு என்ன லாபம்? கோனடோட்ராஃப் கட்டி பொதுவாக மெதுவாக நகரும். முழுதாக எடுத்துவிட்டால் பல வருடம் ஸ்கேன் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சைலண்ட் கார்ட்டிகோட்ராஃப் பெண்களிடம் சற்று அதிகம், பக்கத்து ரத்தக்குழாய்ப் பள்ளத்துக்குள் நுழையும் குணம் உண்டு, திரும்ப வந்தால் முரட்டுத்தனமாக வரும் என்பது பல குழுக்களின் அனுபவம். எத்தனை பேருக்குத் திரும்ப வருகிறது என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் மௌனமாக இருந்த கட்டி பின்னாளில் நறுக்கும் நொதி கைகூடி நிஜமான குஷிங் நோயாக மாறிய நோயாளிகள் உண்டு. பிட்-1 வழியில் வந்து முழுதாக முதிராத செல்களால் ஆன கட்டியும் வம்புக்காரன், வயது குறைந்தவர்களிடம் பெரிதாகவும் ஊடுருவியும் வரக்கூடியது. 2017 வகைப்பாடு கவனமாகப் பார்க்கச் சொன்ன ஐந்து வகைகளில் இந்த இரண்டும் இருந்தன. அதனால் எஸ்.எஃப்-1 என்று வந்தவருக்கும் டி-பிட் என்று வந்தவருக்கும் அடுத்த ஸ்கேன் தேதி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மீதமிருக்கும் துண்டுக்குக் கதிர்வீச்சு இப்போதா, பொறுத்துப் பார்ப்பதா என்ற பேச்சிலும் இந்தப் பெயர் ஒரு வாக்கு போடும்.

பெயர் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும் கி-67 சதவீதம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 2004 வகைப்பாட்டில் இது 3 சதவீதத்தைத் தாண்டி வேறு சில அடையாளங்களும் சேர்ந்தால் 'அசாதாரண அடினோமா' என்று தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர் வைத்தவை எல்லாம் மோசமாகப் போகவும் இல்லை, வைக்காதவை எல்லாம் சும்மா இருக்கவும் இல்லை என்பதால் 2017-இல் தூக்கிவிட்டார்கள். நல்ல காரியம். லியோனைச் சேர்ந்த ழாக்லின் த்ரூயாஸ் குழு 410 நோயாளிகளை வைத்து 2013-இல் வேறொரு வழி சொன்னது: ஸ்கேனில் ஊடுருவல் இருக்கிறதா, திசுவில் செல் பெருக்கம் இருக்கிறதா, இரண்டையும் சேர்த்துப் படி நிலை கொடுங்கள் என்று. இரண்டும் உள்ள கட்டி, இரண்டும் இல்லாத கட்டியைவிட வளரும் அபாயம் 12 மடங்கு என்று அவர்கள் கணக்கில் வந்தது. பேத்தாலஜிஸ்ட் தனியாக அறையில் உட்கார்ந்து முழு முடிவையும் சொல்லிவிட முடியாது, எம்.ஆர்.ஐ.-யும் மேசையில் இருக்க வேண்டும் என்று இதை நான் படித்துக்கொள்கிறேன்.

இதற்கு நடுவில் பெயர்ச் சண்டை ஒன்று ஓடுகிறது. 'அடினோமா' என்ற சொல் கட்டியைச் சாதுவாகக் காட்டுகிறது, ஊடுருவுவதையும் அபூர்வமாகப் பரவுவதையும் மறைக்கிறது என்று பிட்யூட்டரி பேத்தாலஜிஸ்டுகளின் சர்வதேசக் குழு 2017-இல் 'பிட்நெட்' என்ற பெயரை முன்வைத்தது. பிட்யூட்டரி நியூரோ எண்டோகிரைன் கட்டி என்பதன் சுருக்கம். 2022 வகைப்பாடு அதை ஏற்றது. 2021-இல் வந்த மூளைக் கட்டிகளின் வகைப்பாடு இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதியது. கூடவே புற்றுநோய்ப் பதிவேட்டுக் குறியீட்டின் கடைசி எண், சாதுக் கட்டிக்கான 0-விலிருந்து புற்றுக்கட்டிக்கான 3-க்கு மாறியது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள், நோயாளியைத் தேவையில்லாமல் பயமுறுத்தும் என்று. எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் தெரிகிறது. ஆனால் 'நெட்' என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் இணையத்தில் தேடி, குடலிலும் கணையத்திலும் வரும் அதே பெயர்க் கட்டிகளைப் பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லியாக வேண்டும்: பெயர் மாறியது, உங்கள் கட்டி மாறவில்லை. உடம்பின் வேறு இடத்துக்குப் பரவும் பிட்யூட்டரி கட்டி 1 சதவீதத்துக்கும் கீழே.

நடைமுறையில் இடிக்கும் இடம் செலவு. ஆறு ஹார்மோன், மூன்று சுவிட்ச், கி-67, ரெட்டிகுலின் என்று போட்டால் ஒரு கட்டிக்கு ஒரு டஜன் ஸ்லைடு. எதிரணுக் குப்பிகள் விலை கூடியவை, காலாவதியும் ஆகும். மாதத்துக்கு இரண்டு பிட்யூட்டரி வரும் லேபில் டி-பிட் வாங்கி வைத்தால் பாதி வீணாகும். அதோடு நம்பகமான டி-பிட் எதிரணு சந்தைக்கு வரவே தாமதமானது. ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுவது புத்திசாலித்தனம்: முதலில் மூன்று சுவிட்ச், அது காட்டும் கிளைக்குள் மட்டும் ஹார்மோன். எஸ்.எஃப்-1 சீராகப் பிடித்து மற்ற இரண்டும் இல்லையென்றால் ஹார்மோன் ஸ்லைடுகளால் தெரியவரும் புதுச் செய்தி குறைவு. மூன்றும் இல்லையென்றால்தான் வெற்றுச் செல் என்ற பேச்சை எடுக்கலாம். அப்போதும், சாயம் சரியாக வேலை செய்ததா என்று பார்க்க அதே ஸ்லைடில் ஓரமாக ஒட்டியிருக்கும் நல்ல சுரப்பியில் பழுப்புப் புள்ளி தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் தப்பு குக்கரிலோ குப்பியிலோ இருக்கிறது.

பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் அதில் 'குரோமோஃபோப் அடினோமா' என்றோ 'நல் செல்' என்றோ ஒற்றை வரி பார்த்தால், பெரும்பாலும் அது அந்தக் காலத்துச் சாயத்தின் எல்லைதான். மெழுகுக் கட்டி அழிவதில்லை. லேப் அலமாரியில் வருடக்கணக்காக இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஸ்கேனில் மிச்சம் வளர்கிறது என்று மருத்துவர் சொல்லும் நாளில், மறுபடி அறுவைக்கு முன்னால் அந்தப் பழைய மெழுகுக் கட்டியிலிருந்தே நாலு சீவல் சீவி மூன்று சுவிட்சுகளையும் போட்டுப் பார்க்கலாம். அந்த மெழுகுக் கட்டியின் எண் (பிளாக் எண்) ரிப்போர்ட்டிலேயே, பெரும்பாலும் மேல் மூலையில், வருடத்தோடு சேர்த்து அச்சடித்திருக்கும்.